சாந்தா ஆனாவில் ஒரு மதியத் தூக்கம்

எதெல்வினா பனாமாவில் வந்து இறங்கியபோது மணி காலை ஐந்தேகால். அடுத்த விமானம் மாலை ஐந்து பத்துக்கு. நடுவில் கிடந்த பன்னிரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாட்ரிட்டில் பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பிழைத்தவள் அவள். ஒருவர் போய்ச் சேர்ந்தால் இன்னொருவர் வந்துவிடுவார். அத்தனை வருஷத்தில் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு மணி நேரம் சும்மா கிடைத்ததாக அவளுக்கு நினைவில்லை.

நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி வைத்திருந்தார்கள், யாரும் படுத்துவிடக் கூடாதென்று. குளிர்காற்று முழங்காலுக்குள் புகுந்து குடைந்தது. இரண்டு ராத்திரியாகக் கண் மூடவில்லை. மூடினால் எழமாட்டோமோ என்ற பயம்.

தங்கை நார்சிசா கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க இருக்க?"

"பனாமா வந்துட்டேன். ராத்திரி எட்டுக்குள்ள வீட்டுல இருப்பேன். அம்மா எப்படி இருக்கு?"

"மூச்சு விட்டு விட்டு வருது. வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். கண்ணைத் திறந்தா உன்னைத்தான் கேக்குது. கையைத் தூக்கத் தெம்பு இருக்கும்போதே வரச் சொல்லுடின்னு சொல்லுது."

கையைத் தூக்க என்று அம்மா சொன்னது எதற்காக என்று எதெல்வினாவுக்குத் தெரியும். ஈக்வடோரில், அவர்கள் ஊரான குவாயாகில் பக்கத்துப் பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போனால்கூட "ஆசீர்வாதம் குடும்மா" என்று கேட்காமல் வாசல் தாண்டமாட்டார்கள். அம்மா காற்றில் சிலுவை வரைந்து, நெற்றியைத் தொட்டு அனுப்புவாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, எதெல்வினா அதைக் கேட்காமல் கிளம்பிவிட்டாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போக முடியாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினாள். பிறகு போனில் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "போன்ல குடுக்குற சாமானாடி அது? நேர்ல வந்து வாங்கிக்க" என்பாள் அம்மா. முதலில் மாட்ரிட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லை, போக முடியவில்லை. காகிதம் கிடைத்தபின் லீவு கிடைக்கவில்லை.

இப்போது அந்த ஒரு கையசைவுக்காகத்தான் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் கொண்டுவந்த சார்ஜருக்கு உருண்டைக் கம்பி. இந்த ஊர்ச் சுவரிலோ தட்டையான ஓட்டை. அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வெளியே விடிந்திருந்தது. ஈர வெக்கை முகத்தில் துணி போலப் படிந்தது. மஞ்சள் டாக்சிக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தபடி வந்தார்.

"விமானம் மாறுறீங்களாம்மா? எத்தனை மணி நேரம்?"

"பன்னெண்டு."

"பன்னெண்டா! அதுக்குள்ள கல்யாணம் கட்டி விவாகரத்தே வாங்கிடலாமே. ஏறுங்க, ஊரைச் சுத்திக் காட்டிட்டு நேரத்துக்குக் கொண்டாந்து விடுறேன். என் பேரு ப்ளினியோ. இந்த ஏர்போர்ட்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நல்லதா சொல்லுவாங்களான்னு தெரியாது."

"ஊரைப் பாக்குற மனசு இல்லண்ணே. எங்கயாவது உக்காரணும், அவ்வளவுதான்."

"உக்காந்துக்கிட்டேதானே பாக்கப் போறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

மீன் சந்தையில் அவளை நிறுத்தி, ஒரு கப் எலுமிச்சையில் ஊறிய மீனும், நசுக்கிப் பொரித்த வாழைக்காயும் வாங்கிக் கொடுத்தார் ப்ளினியோ.

"இதுவா செவிச்சே?" என்றாள் எதெல்வினா. "எங்க ஊர்ல தக்காளி, ஆரஞ்சுச் சாறெல்லாம் போட்டுக் குடிக்குற மாதிரி குடுப்பாங்க. இதை மீன் கழுவுன தண்ணின்னு கீழ ஊத்திருவாங்க."

"ஈக்வடோரா நீங்க? அதானே பாத்தேன். இந்த வாய் வேற யாருக்கு வரும்!"

"நாங்க பின்னுற தொப்பியை எடுத்துக்கிட்டு பனாமா தொப்பின்னு உங்க ஊர் பேரை வச்ச ஆளுங்க, நீங்க பேசாதீங்க."

"நாங்க எங்க வச்சோம்? வெள்ளைக்காரன் இந்த வழியா போனான், வாங்கினான், இந்த ஊர் பேரைச் சொல்லிட்டுப் போயிட்டான். வழியில நிக்குறவனுக்குத்தாம்மா பேரு கிடைக்கும்."

கடலோரச் சாலை, பழைய கோட்டைச் சுவர், பூந்தொட்டி தொங்கும் மாடிகள் என்று ப்ளினியோ காட்டிக்கொண்டே போனார். அவள் பார்த்தாள். ஆனால் பார்த்த எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஒரு கோயில் படியில் அமர்ந்தவள் அப்படியே தூணில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். ப்ளினியோ குனிந்து தோளைத் தொட்டார்.

"இப்படியே விட்டா உங்களை யாராவது சிலைன்னு நினைச்சு முன்னாடி மெழுகுவத்தி ஏத்திருவான். பக்கத்துல, சாந்தா ஆனாப் பேட்டையில டெல்மிரான்னு ஒரு அம்மா, மணிக்கணக்குல ரூம் குடுக்குது. தப்பா நினைக்காதீங்க, அந்த மாதிரி இடம் இல்ல. உங்களை மாதிரி மாறிப் போறவங்க தலையைச் சாய்ச்சுட்டுப் போவாங்க. மூணேகாலுக்கு வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறேன்."

அது ஒரு பழைய மரவீடு. கீழ்த்தளம் காரை, மேலே பலகை. நீலச் சாயம் செதில் செதிலாக உரிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் பினாயில் வாடையும், அதற்கு அடியில் ஊறிப்போன மரத்தின் வாடையும் வந்தன. எழுபது வயது டெல்மிரா மேஜைக்குப் பின்னால் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பெயரைக் கேட்டு நோட்டில் எழுதினாள். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு எதெல்வினாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு எழுப்பணும், ராசாத்தி?"

"மூணு மணிக்கும்மா."

"ரெண்டு தட்டு தட்டுவேன். ரெண்டே ரெண்டு. உள்ள இருந்து 'முழிச்சுட்டேன்'னு குரல் குடுத்தாப் போறாது, நான் போகமாட்டேன். கதவைத் திறந்து முகத்தைக் காட்டணும். குரலை நான் நம்புறதில்ல."

"சரிம்மா."

"இன்னொண்ணு. அந்த ரூம்ல யார்கிட்டயும் எதுவும் கேக்காத."

"யாருகிட்ட கேக்கப் போறேன்? நான் மட்டும்தானே இருக்கப் போறேன்."

டெல்மிரா நோட்டை மூடினாள். சாவியை நீட்டினாள்.

மாடி நடையின் கோடியில் மூன்றாம் அறை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சாத்திய மரக்கதவு ஜன்னல். நண்பகல் வெயில் கதவின் இடுக்குகளில் புகுந்து தரையில் கோடு கோடாகக் கிடந்தது. எதெல்வினா செருப்பைக் கழற்றினாள். போன் அதற்குள் செத்துப்போயிருந்தது. படுத்தாள். உடம்பிலிருந்த அத்தனை எலும்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்குவது போலிருந்தது.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. அதைத் தவறென்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

எதெல்வினா பிறந்ததிலிருந்து அலாரம் வைத்தவள் இல்லை. அவர்கள் வீட்டில் யாருமே வைத்ததில்லை. மோட்சத்துக்குப் போகும் வழியில் காத்துக் கிடக்கிற ஆத்துமாக்களிடம் சொல்லிவிட்டுப் படுத்தால் போதும், சொன்ன நேரத்துக்கு எழுப்பிவிடுவார்கள். அம்மா சொல்லிக்கொடுத்தது அது. அதற்கும் ஒரு முறை உண்டு. சொந்த வீட்டு ஆத்துமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நேரத்தைச் சொல்ல வேண்டும். எழுந்ததும் அந்தப் படுக்கை ஓரத்திலேயே மண்டியிட்டு ஒரு ஜெபம் முழுசாகச் சொல்லி, போய் வாருங்கள் என்று அனுப்பிவைக்க வேண்டும். நாற்பது வருஷமாக அவள் தாத்தா பெயரைத்தான் சொல்லி வந்தாள். தாத்தா ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அன்றைக்குத் தூக்கம் நாக்கை இழுத்துவிட்டது. பெயர் வரவில்லை. பழக்கம் மட்டும் வாயில் மிச்சமிருந்தது.

"ஆத்துமாவே... மூணு மணிக்கு எழுப்பி விடு. என்னை எங்கம்மாகிட்டக் கொண்டு போய்ச் சேர்த்துரு..."

அவ்வளவுதான். தூங்கிப்போனாள்.

தட்.

தட்.

தட்.

கண் விழித்தபோது அறை இருண்டிருந்தது. பொழுது போய்விட்டதோ என்று பதறி எழுந்தாள். இல்லை, மழை. தகரக்கூரையில் கல் கொட்டுவது போலப் பெய்துகொண்டிருந்தது. தரையில் கிடந்த வெயில் கோடுகள் போயிருந்தன.

கதவுப் பக்கம் திரும்பி, "முழிச்சுட்டேம்மா" என்றாள்.

முகத்தைக் காட்டக் கதவை நோக்கி ஓரடி வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. சத்தம் கதவிலிருந்து வரவில்லை. தலைமாட்டுப் பலகையிலிருந்து, அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி வந்தது.

எண்ணிப் பார்த்தாள். மூன்று.

நனைந்த துணியை நாள் கணக்கில் பெட்டிக்குள் மூடி வைத்தால் வருமே, அந்த வாடை அறைக்குள் மெல்லப் பரவியது. கட்டிலின் மறுபக்கம் மெத்தை லேசாக அமுங்கி, பிறகு மெதுவாக மேலே வந்தது. யாரோ உட்கார்ந்திருந்து எழுந்தது போல.

"வா," என்றது ஒரு குரல். மூச்சைவிடச் சற்றே கனமான குரல். "நேரமாச்சு."

செருப்பைக் காலில் மாட்டினாளா, கையில் எடுத்தாளா, அவளுக்கே தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையில் ஓடினாள். ஆம், தூக்கிக்கொண்டுதான் ஓடினாள். ஆனாலும் அவளுக்குப் பின்னால் பலகைத் தரையில் ஒரு பெட்டி உருண்டு வந்தது. ஒரு சக்கரம் உடைந்த பெட்டி. டக், டக், டக்.

திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே டெல்மிரா மேஜைக்குப் பின்னாலேயே இருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கு இரண்டு நிமிஷம் பாக்கி.

"நான் இப்பதானே எந்திரிக்கப் போறேன்," என்று ஆரம்பித்தவள், எதெல்வினாவைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தாள். அட்டையை விசிறுவதை நிறுத்தினாள். "என்ன ராசாத்தி பண்ண? அங்க யார்கிட்டயாவது கேட்டியா?"

"பழக்கம்மா... தூக்கத்துல... எழுப்பி விடுன்னு ஒரு வார்த்தை..."

டெல்மிரா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி வேகமாகச் சொன்னாள்.

"பதினோரு வருஷம் ஆச்சு. உன்னை மாதிரிதான் ஒருத்தி, விமானம் மாறுற இடைவெளியில மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தா. அம்மா சாகக் கிடக்காங்க, மூணு மணிக்கு எழுப்புங்கன்னு சொன்னா. நான் போய்த் தட்டினேன். முழிச்சுட்டேன்னு உள்ள இருந்து குரல் வந்துச்சு. நான் நம்பி இறங்கி வந்துட்டேன். மழை விட்டதும் போய்த் திறந்தா, செருப்பு காலோட, சக்கரம் உடைஞ்ச பெட்டியைப் பிடிச்ச கையோட கிடக்குறா. மதியமே உசிர் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னார். அப்ப எனக்குக் குரல் குடுத்தது யாரு? அவ பைக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஊர்ல இருந்து, அவங்கம்மா."

மழையை மீறிக்கொண்டு வெளியே ஹாரன் அலறியது.

"மேல போ. அந்தக் கட்டில்கிட்ட மண்டி போட்டு ஒரு ஜெபத்தை முழுசாச் சொல்லி, 'நீ இங்கயே இரு'ன்னு சொல்லிட்டு வா. அஞ்சு நிமிஷம். நானும் கூட வர்றேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு ப்ளினியோ சொட்டச் சொட்ட வந்து நின்றார். "அம்மா, இப்பவே கிளம்பணும்! பாலத்துக்குக் கீழ தண்ணி ஏறுது. இன்னும் அஞ்சு நிமிஷம் போச்சுன்னா கார் போகாது, படகுதான் வேணும்."

எதெல்வினா படிக்கட்டைப் பார்த்தாள். மாடியில் இருட்டு. அந்தப் பக்கம் ஐந்து நிமிஷம், இந்தப் பக்கம் அம்மாவின் கை.

"டாக்சிலயே சொல்லிக்கிறேம்மா," என்றாள். "சத்தியமா சொல்லிடுறேன்."

சொல்லத்தான் ஆரம்பித்தாள், பாவம். பின்சீட்டில் கைகளைக் கூப்பிக்கொண்டு, வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவதைப் பார்த்தபடி, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கினாள். பாதி ஜெபம் தாண்டவில்லை. இரண்டு ராத்திரித் தூக்கம் வந்து கழுத்தைப் பிடித்தது.

ஜன்னல் கண்ணாடியில் மூன்று தட்டு. விழித்தாள். விமான நிலையம் வந்திருந்தது.

"எழுப்பினதுக்கு நன்றிண்ணே."

"நான் எங்கம்மா எழுப்பினேன்?" காருக்குப் பின்னாலிருந்து ப்ளினியோ குரல் கொடுத்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து சீட்டைப் பார்த்தார். எதெல்வினா உட்கார்ந்த பக்கம் காய்ந்திருந்தது. மறுபக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. "இது என்ன கூத்து! நாலு ஜன்னலும் மூடித்தானே இருந்துச்சு?"

விமானத்தில் இரண்டு மணி நேரம். கண் செருகும் போதெல்லாம் முன்சீட்டு முதுகில் மெதுவாகத் தட்டியது. மூன்று தடவை. அவள் கேட்டதைத்தான் அது செய்தது. அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை அவளைத் தூங்க விடவில்லை.

குவாயாகிலில் மழை இல்லை. ஆகஸ்டு மாதம் அங்கே ஒரு சொட்டு விழாது. தெருவில் புழுதி பறந்தது. வீட்டு வாசலில் நின்ற நார்சிசா கட்டிப்பிடித்து அழுதாள். "கிழவி மாதிரி ஆயிட்டியேக்கா" என்றாள். "உனக்கு மட்டும் கல்யாண வயசா?" என்றாள் இவள். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அம்மா கட்டிலில் ஒரு குழந்தை அளவுக்குச் சுருங்கியிருந்தாள். எதெல்வினா கட்டிலின் இடது பக்கம் மண்டியிட்டாள். பத்தொன்பது வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த சொற்களை எடுத்தாள்.

"அம்மா. நான் எதெல் வந்திருக்கேன். ஆசீர்வாதம் குடும்மா."

அம்மா கண்ணைத் திறந்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்ப்பதற்கு எத்தனை கடலையும் தாண்டலாம்.

ஆனால் அம்மா வலது பக்கம் திரும்பினாள்.

"வந்துட்டியா, மகளே," என்றாள், யாருமில்லாத அந்தப் பக்கத்தைப் பார்த்து. "இப்படி நனைஞ்சு வந்திருக்கியே. தலையைத் துவட்டக் கூடாதா?"

"அம்மா, இங்க. நான் இங்க இருக்கேம்மா."

அம்மாவின் வலது கை எழுந்தது. அவ்வளவு நாளும் கரண்டி பிடிக்கத் தெம்பில்லாத கை. காற்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடமிருந்து வலமாக ஒரு கோடு. பிறகு அந்தக் கை இன்னும் கொஞ்சம் நீண்டு, ஒரு நெற்றி இருக்கும் உயரத்தில் நின்று, எதையோ தொட்டது.

எதெல்வினா கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வலது பக்கத்தில் காற்று குளிர்ந்திருந்தது. ஊறிப்போன துணியின் வாடை அடித்தது. அவள் அங்கே போய் மண்டியிட்டதும் அம்மாவின் கண்கள் மெல்ல நகர்ந்தன, யாரோ எழுந்து நடப்பதைப் பார்ப்பது போல. இப்போது அவை இடது பக்கத்தில் நின்றன. அங்கே பார்த்து அன்பாகக் கேட்டாள்.

"இந்தம்மா யாரு மகளே, உன்கூட வந்தவங்களா? பாவம், ரொம்பக் களைச்சுத் தெரியுறாங்க. உக்காரச் சொல்லு. நார்சி, அவங்களுக்குக் கொஞ்சம் காப்பி குடு."

பிறகு அம்மா பேசவில்லை. விடியுமுன் மூச்சு நின்றது. முகத்தில் நிம்மதி இருந்தது. மகளைப் பார்த்துவிட்ட நிம்மதி.

"கடைசி நேரம், நினைவு தப்பிருச்சுக்கா," என்றாள் நார்சிசா. "மனசுல வச்சுக்காத."

ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், அழுதார்கள். எதெல்வினா ஒவ்வொரு நாளும் முழு ஜெபத்தையும் ஒரு வரி விடாமல் சொன்னாள். போதும், போய் வா என்று சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் அவள் கண் அசந்தபோதெல்லாம் தலைமாட்டில் தட்டியது. ஒன்பதாம் நாள் அம்மா படத்துக்கு வைத்திருந்த பீடத்தைக் கலைத்து, மெழுகுவத்திகளை அணைத்தார்கள். அன்று ராத்திரி தட்டவில்லை. அதற்கடுத்த ராத்திரியும் தட்டவில்லை. அது போய்விட்டது என்று நினைத்தாள். அடித்துப் போட்டது போலத் தூங்கினாள்.

கிளம்பும் நாளில் அம்மாவின் அறை வாசலில் நின்று, வெற்றுக் கட்டிலைப் பார்த்து, "ஆசீர்வாதம் குடும்மா" என்றாள். பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? செருப்பைக் கையில் எடுக்காமல், காலில் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை சத்தம் கேட்கும்படி நடந்து போனாள்.

திரும்பும் வழியிலும் பனாமாதான். ஏழு மணி நேரம் நடுவில். ப்ளினியோ அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சாவுச் செய்தியைக் கேட்டபின் கேலி ஒன்றும் செய்யவில்லை. நேராக சாந்தா ஆனாவுக்கு ஓட்டினார்.

டெல்மிரா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கிண்ணம் நிறையக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். போனுக்குச் சார்ஜ் போடத் தட்டைக் கம்பி வைத்த ஒரு சொருகியையும் தேடிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ போனதுல இருந்து அந்த ரூம் அமைதியா இருக்கு, ராசாத்தி. நேத்துகூட ஒருத்தர் படுத்தார். நல்லாத் தூங்கினேன்னு சொல்லிட்டுப் போனார். பலகை வாடைகூட இல்ல. பதினோரு வருஷத்துல இப்பதான்."

"அப்ப அது போயிருச்சா? மோட்சத்துக்கு?"

டெல்மிரா அட்டையை எடுத்தாள். விசிறவில்லை.

"அது அங்க போகணும்னு யாரு சொன்னா? அது வீட்டுக்குத்தானே போகணும்னு கிளம்புச்சு."

எதெல்வினா மேஜைமேலிருந்த போனை எடுத்து ஊருக்குக் கூப்பிட்டாள். எடுத்தது நார்சிசா.

"அலோ, நார்சி. பனாமா வந்துட்டேன். இங்க ஒரு அம்மா வீட்டுல..."

"யாரு?"

"நான்தாண்டி. எதெல்."

எதெல்வினா போனைக் காதோடு அழுத்தினாள். மின்விசிறி சுற்றுவது கேட்டது. அம்மாவின் அறை மின்விசிறி, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகும் அது.

"விளையாடாதீங்க," என்றாள் நார்சிசா. "அக்கா காலையிலயே திரும்பி வந்துட்டா. விமானம் தவறிருச்சாம். மூணு தட்டு தட்டினா, நான்தான் எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்தேன். அம்மா கட்டில்ல படுத்து அசந்து தூங்குறா. அக்கா நம்பர்ல இருந்து பேசுறீங்களே, அவ போனை எங்கயாவது கண்டெடுத்தீங்களா?"

"நார்சி! என் குரல் தெரியலையா உனக்கு? போய் அவ முகத்தைப் பாரு! முகத்தைப் பாருடி!"

"இவ்வளவு நேரம் அதைத்தாங்க பாத்துக்கிட்டு இருந்தேன். தலையைத் துவட்டி விட்டேன். ஈரமே காய மாட்டேங்குது."

கட்டில் கிரீச்சிட்டது. தரையில் ஏதோ உருண்டது. டக், டக். பிறகு தூக்கம் கலைந்த ஒரு குரல், சற்றுத் தள்ளி. அந்தக் களைப்பை எதெல்வினாவுக்குத் தெரியும். அது அவளுடைய குரல்.

"யாரு நார்சி, போன்ல?"

"தெரியலக்கா," என்றாள் நார்சிசா. "யாரோ ராங் நம்பர். நீ தூங்கு."